மலைச் சைக்கிளின் புனருத்தாரணம்
கலிபோர்னியாவின் மாரின் மலைச்சரிவுகளில் 1970-களில் உருவெடுத்த மலைச் சைக்கிள், பிற்காலத்தில் அம்பத்தூர் டி.ஐ. சைக்கிள்ஸின் ஹெர்குலிஸ் எம்டிபி வாயிலாக நம் இளைஞர்களின் சொப்பனமாயிற்று. பெங்களூரு வீடுகளின் மாடிப்படியடியில் துருவேறிக் கிடக்கும் அத்தகைய வண்டியை ஓவராயில் செய்து, 1,478 மீட்டர் உயர நந்தி மலைக்கு ஓட்டிச் செல்ல விரும்புகிறவர், வர்ணத்தைக் காட்டிலும் சக்கரத்தின்மீதே முதற்கண் சிரத்தை வைத்தல் உசிதம்.

ஹப்பைப் பிரித்துப் பழைய கிரீஸை மண்ணெண்ணெயால் கழுவி, தேய்ந்த பால்ரஸ்களை மாற்றிப் புதுக் கிரீஸ் இட்ட பின், அச்சு தடையின்றிச் சுழலவும் பக்கவாட்டில் ஆடாதிருக்கவும் வேண்டிய அளவுக்குக் கோனை இறுக்குவதே இவ்வேலையின் சூட்சுமம்.

புதுச் செயினில் 24 கண்ணிகள் 12 அங்குலம் இருக்கும். பழைய செயினில் அதே 24 கண்ணிகள் எட்டிலொரு அங்குலம் நீண்டிருந்தால், பெரும்பாலும் ஃப்ரீவீல் பற்களும் தேய்ந்திருக்குமாதலால், இரண்டையும் சேர்த்தே மாற்றுவது நலம். பிரேக் கட்டைகள் டயரை உரசாமல் ரிம்மில் மட்டும் பதிகின்றனவா என்று பரீட்சிக்காமல் எந்த இறக்கத்திலும் இறங்கலாகாது.