அட்டையின் நிறம்

நம் மாணவர்க்குப் பன்னிரண்டு வயதில் நீல அடையாள அட்டை எளிதாகக் கிடைக்கிறது. அவர்தம் பாட்டன் பூட்டன்மார்க்கு அவ்வாறில்லை. 1957-இல் நாடு விடுதலை பெற்ற பின்னும், இங்கேயே பால் வெட்டி முதிர்ந்தோர் பலர் குடியுரிமையின்றிச் சிவப்பு அட்டையுடன் வாழ்ந்தனர். மனு எழுதித்தர ஆளில்லாத தோட்டங்கள்தாம் எத்தனை! குடியுரிமை இல்லாதார் வேலைக்குப் பெர்மிட் பெற வேண்டும் என 1968-இல் சட்டம் வந்தது. அதன்பின் குடும்பங்கள் பல பிரிந்தன. பலர் கப்பலேறித் தமிழகம் சென்றனர்.

பிறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளையைக் கண்டு இன்றும் சிலர் நகைக்கின்றனர். வீட்டில் இக்கதையை அவர்களுக்கு எவரும் சொன்னதில்லை போலும். ஆகவே, வீட்டு முதியோரிடம் கேட்டெழுதி வருமாறு ஆறாம் ஆண்டு மாணவரைப் பணித்துள்ளோம்: அட்டை என்ன நிறம்? மனு எழுதியவர் யார்? கப்பலேறியவர் யார்? பெற்றோரே, மறைக்காமல் சொல்லுங்கள்.