கம்ப்யூட்டர் நொண்டுகிறதா? முதலில் படங்களைக் காப்பாற்றுங்கள்!

நேற்றுவரை நன்றாக ஓடிய கம்ப்யூட்டர் இன்று நொண்டுகிறது. பொத்தானை அழுத்திவிட்டுப் போய், காபி குடித்துவிட்டு வந்தாலும் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது.

"பழைய மிஷின், அப்படித்தான் இருக்கும்" என்று வீட்டில் சொல்வார்கள். அப்படியும் இருக்கலாம். ஆனால், உள்ளே இருக்கும் ஹார்டு டிஸ்க் உயிரை விடப்போகிறது என்பதற்கு அது அறிகுறியாகவும் இருக்கலாம்!

கல்யாணப் படங்கள், குழந்தை நடக்கப் பழகிய காட்சி, மறைந்துபோன பாட்டியின் முகம் எல்லாம் அதற்குள்தான் இருக்கின்றன. வேறு கம்ப்யூட்டர் வாங்கிக்கொள்ளலாம். பாட்டியின் படத்தை எந்தக் கடையில் வாங்குவது?

உள்ளே என்ன இருக்கிறது?

கிராமபோன் பெட்டியைப் பார்த்திருப்பீர்கள். தட்டு சுற்றும், முள் அதன்மேல் ஓடும். ஹார்டு டிஸ்க்கும் ஏறக்குறைய அப்படித்தான். காந்தப் பூச்சு பூசிய தட்டு, நிமிஷத்துக்கு 5,400 அல்லது 7,200 தடவை சுற்றுகிறது. ஆனால், இதன் முள் தட்டைத் தொடுவதில்லை. ஒரு தலைமுடியைப் பல ஆயிரம் கூறு போட்டால் ஒரு கூறு எவ்வளவு இருக்குமோ, அவ்வளவு உயரத்தில் மிதக்கிறது. முள் தட்டில் உரசினால் ஆபத்து!

1956-ல் அமெரிக்காவின் ஐ.பி.எம். கம்பெனி முதல் ஹார்டு டிஸ்க்கைச் செய்தது. 2 அடி அகலத்தில் 50 தட்டுகள். எடை ஒரு டன்னுக்கு மேல். கொண்டதோ சுமார் 50 லட்சம் எழுத்துகள். இன்று செல்போனில் எடுக்கும் ஒன்றிரண்டு போட்டோவிலேயே அது நிரம்பிவிடும்.

இப்போது உள்ளங்கை அளவு பெட்டிக்குள் ஒரு குடும்பத்தின் கதை முழுவதும் அடங்கிவிடுகிறது. கெட்டுப்போனால் நஷ்டமும் அவ்வளவு பெரிது.

ஏன் மெதுவாகிறது?

டிஸ்க்கில் காலி இடம் இல்லாவிட்டாலும், கம்ப்யூட்டரைப் போட்டவுடன் பத்துப் பதினைந்து புரோகிராம்கள் ஒன்றாக எழுந்தாலும், வைரஸ் புகுந்தாலும், காற்றாடியில் தூசி அடைத்தாலும் வேகம் குறையும். இவற்றைச் சரி செய்துவிடலாம்.

டிஸ்க்கில் புண் விழுந்திருந்தால் விஷயமே வேறு. கெட்ட இடத்தில் உள்ளதைப் படிக்க முடியாமல், முள் திரும்பத் திரும்ப முயல்கிறது. அதனால்தான் திரை உறைந்து நிற்கிறது.

சில பைல்கள் மட்டும் திறக்க மறுக்கின்றனவா? பைல்களின் பெயர் விசித்திரமாக மாறுகிறதா? 'டிக், டிக்' என்று புதிதாகச் சத்தம் கேட்கிறதா? சந்தேகமே வேண்டாம், ஜாக்கிரதை!

முதல் வேலை என்ன?

பலர் இங்கேதான் தவறுகிறார்கள். முதலில் ரிப்பேர், பிறகு பிரதி என்று நினைக்கிறார்கள். அதைத் தலைகீழாக மாற்றுங்கள். முதலில் பிரதி, பிறகு ரிப்பேர்.

வெளியே மாட்டும் டிஸ்க் ஒன்றை எடுங்கள். போட்டோக்கள், பத்திரங்கள், பிள்ளைகளின் சான்றிதழ்கள் ஆகியவற்றை முதலில் மாற்றுங்கள். சினிமாவும் பாட்டும் கடைசியில் போகட்டும்.

'சி' டிரைவில் உள்ளதை 'டி' டிரைவுக்கு மாற்றினால் போதாதா என்று கேட்பீர்கள். பெரும்பாலான கம்ப்யூட்டர்களில் இரண்டும் ஒரே டிஸ்க்தான். ஒரே வீட்டின் இரண்டு அறைகள்! வீடு இடிந்தால் எந்த அறை தப்பும்?

பிரதி எடுக்கும்வரை பார்மட் செய்யாதீர்கள். புதிய புரோகிராம் ஏற்றாதீர்கள். டிஸ்க்கைச் சரிசெய்யும் புரோகிராம்களையும் ஓட்டாதீர்கள். தளர்ந்த மாட்டின்மேல் பாரம் ஏற்றுவது போல அது.

'டிக், டிக்' சத்தம் விடாமல் கேட்டால் உடனே நிறுத்திவிடுங்கள். மூடியைத் திறந்து பார்க்காதீர்கள். ஒரு துளி தூசி போதும், தட்டைக் கெடுக்க. பிரிட்ஜில் வைத்தால் பிழைக்கும் என்பார்கள். உள்ளே ஈரம்தான் கோக்கும். விவரம் மீட்கும் நிபுணரிடம் கொடுப்பதே வழி. செலவு அதிகம்.

சோதனையை நம்பலாமா?

டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைத்துக்கொள்கிறது. அதற்கு 'ஸ்மார்ட்' என்று பெயர். 'கிரிஸ்டல் டிஸ்க் இன்போ' என்ற இலவசப் புரோகிராம் அதைப் படித்து, நீலம் என்றால் நலம், மஞ்சள் என்றால் எச்சரிக்கை, சிவப்பு என்றால் ஆபத்து என்று காட்டும்.

2007-ல் கூகுள் ஆராய்ச்சியாளர்கள் ஒரு லட்சத்துக்கும் அதிகமான டிஸ்க்குகளை ஆராய்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். பரிசோதனையில் முதல் பிழை கண்ட டிஸ்க், மற்றவற்றைவிட 39 மடங்கு அதிகமாக, 60 நாளுக்குள் கெட்டுப்போகும் நிலையில் இருந்தது. ஆனால், கெட்டுப்போனவற்றில் பாதிக்கு மேற்பட்டவை முக்கியமான நான்கு 'ஸ்மார்ட்' அறிகுறிகளில் ஒன்றைக்கூடக் காட்டவில்லை!

ஆகவே மஞ்சளைக் கண்டால் நம்புங்கள். நீலத்தைக் கண்டு தூங்கிவிடாதீர்கள்.

புது டிஸ்க் மாட்டும்போது 'எஸ்.எஸ்.டி.' கேளுங்கள். அதில் சுற்றும் தட்டு இல்லை. பழைய கம்ப்யூட்டரும் பாய்ந்து ஓடும். ஆனால், அது சாகும்போது சத்தம்கூடப் போடாது.

எந்த டிஸ்க் ஆனாலும், கம்ப்யூட்டரில் உள்ளது போக இன்னும் இரண்டு பிரதிகள் வேண்டும். ஒன்று வீட்டில். மற்றொன்று தம்பி வீட்டிலோ மகள் வீட்டிலோ இருக்கட்டும். மாதம் ஒரு தடவை திறந்து, படங்கள் சரியாக வருகின்றனவா என்று பாருங்கள்.

இன்றே ஆரம்பிக்கலாமே!