அணைத்த பின்னும் உறங்காத மின்சாரம்

பெரியாற்று நீர் மலையைக் குடைந்த சுரங்கவழியே கிழக்கு நோக்கி வந்து, லோயர்கேம்ப் மின்நிலையத்தின் சுழலிகளை இயக்குகிறது. பின்னர்க் கம்பம் பள்ளத்தாக்கின் வயல்களை நனைத்து, எஞ்சியது வைகை அணையில் தேங்குகிறது. மேலே நீர்திறப்பை நிறுத்திவிட்டாலும் வைகை அணை அன்றே வற்றிவிடுவதில்லை. கணினியைப் பழுதுபார்க்க அமர்வோர் முதலில் நெஞ்சில் நிறுத்த வேண்டிய உண்மையும் இதுவே.

நம் வீடுகளுக்கு வருவது 230 வோல்ட் மாறுதிசை மின்சாரம். கணினிப் பெட்டியினுள் இருக்கும் மின்வழங்கி அதனை நேர்திசை மின்சாரமாக மாற்றும்போது, பெரிய மின்தேக்கிகளில் 300 வோல்ட்டுக்கும் மேற்பட்ட அழுத்தத்தில் மின்னூட்டம் சேர்கிறது. தேக்கி என்னும் பெயரே அதன் இயல்பைச் சொல்லிவிடுகிறது. மின்செருகியைப் பிடுங்கிய பின்னும் அம்மின்னூட்டம் சிறிது நேரம் நிலைத்திருக்கும். அதனை வடித்துவிடுவதற்கென மின்தடை ஒன்று பொருத்தப்பட்டிருப்பது வழக்கம். ஆனால், பழுதான கருவியில் அம்மின்தடை நன்னிலையில் உள்ளதா என்பதைக் கண்ணால் பார்த்து அறிய இயலாது. எனவே, பயிற்சியற்றோர் மின்வழங்கியின் மூடியைத் திறக்காமல், அதனை முழுமையாக மாற்றிவிடுவதே முறை. சில நூறு ரூபாய் மிச்சமாகும் என்பதற்காக உயிரைப் பணயம் வைப்பது சிக்கனமாகாது. பழைய பெட்டிவடிவத் திரைகளின் படக்குழாயிலோ 20,000 வோல்ட்டுக்கும் மேலான அழுத்தம் எஞ்சியிருக்கக்கூடும்.

பொத்தானை அழுத்திக் கணினியை அணைத்தால் மின்சாரம் முற்றிலும் நின்றுவிட்டதாகப் பலர் கருதுகின்றனர். மின்செருகி இணைப்பிலும் சுவரிலுள்ள விசை போடப்பட்டும் இருக்கும்வரை, 5 வோல்ட் காத்திருப்பு மின்சாரம் தாய்ப்பலகையில் இருந்துகொண்டே இருக்கும். அந்நிலையில் நினைவகப் பலகையைக் கழற்றினால் மனிதருக்குத் தீங்கில்லை, கருவிக்கு உண்டு.

மனிதராலும் கருவிக்குத் தீங்கு நேரும். நெகிழி இருக்கையிலிருந்து எழும்போதே நம் உடலில் நிலைமின்னூட்டம் ஏறுகிறது. ஏறத்தாழ 3,000 வோல்ட்டை எட்டினால்தான் விரல்நுனியில் சுரீரென்று உணர்கிறோம். நுண்சில்லுகள் சிலவற்றைப் பழுதாக்க 100 வோல்ட்டே போதும். ஆகவே, மணிக்கட்டில் புவி இணைப்புப் பட்டை அணிந்து வேலை செய்வர். அப்பட்டையில் 10 இலட்சம் ஓம் மின்தடை வைக்கப்பட்டிருப்பது கருவிக்காக அன்று, அணிபவருக்காக. தவறி மின்னோட்டமுள்ள கம்பியில் கைபட்டால் உடல்வழிப் பாயும் மின்னோட்டத்தை அது மட்டுப்படுத்தும். பட்டைக்கு மாற்றாக வெறும் கம்பியைக் கட்டிக்கொள்வது பேராபத்து.

தேனிப் பகுதியின் ஆடிக்காற்று வாரிவரும் புழுதியும் கணினியின் விசிறியில் படியும். அதனை ஊதித் துடைக்கையில் விசிறி சுழலாதவாறு விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும்.

2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கப்பெற்ற விலையில்லா மடிக்கணினித் திட்டத்தால் ஊர்தோறும் மாணவர் இல்லங்களுக்கு மடிக்கணினிகள் வந்தன. அவற்றுள் பழையனவற்றின் மின்கலங்கள் முதுமையெய்திவிட்டன. லித்தியம் அயனி மின்கலம் பழுதுற்றால் உள்ளே வளி உருவாகி உப்பும். அடிப்பகுதி மேடுதட்டுவதும் தொடுதளம் மேலெழுவதும் அதன் அடையாளங்கள். அத்தகைய கலத்தை மின்னேற்றம் செய்தலும், அழுத்திப் பொருத்த முயலுதலும், கூரிய கருவியால் நெம்புதலும் ஆகா. துளைபட்டால் அது தானே தீப்பற்றும். வெளிக்காற்றை மறித்தாலும் எளிதில் அணையாது. மடிக்கணினியை அணைத்து, எரியக்கூடிய பொருள்கள் அருகில் இல்லாத இடத்தில் தனியே வைத்து, பழுதுநீக்குநரிடம் தெரிவித்தல் வேண்டும். கழற்றிய கலத்தைக் குப்பையில் எறியாது, மின்கழிவு சேகரிப்போரிடமே சேர்ப்பிக்க வேண்டும்.