வீடு தேடி விற்போரும் வெளிப்படுத்த வேண்டியவையும்

விருத்தாசலத்துப் பீங்கான் தொழிற்பேட்டையில் நவராத்திரிக்கும் கார்த்திகைக்கும் முந்திய மாதங்களில் கைகளுக்கு ஓய்வு இராது. கொலுப் பொம்மைகளும் அகல் விளக்குகளும் சூளையிலிருந்து இறங்கிய வண்ணமிருக்கும். பண்டிகைகள் கழிந்தபின் கேட்பு குறைகிறது. அத்தகைய நாட்களில், "எங்கள் கம்பெனிச் சாமான்களை வீடு வீடாக விற்றுக் கொடுங்கள், நல்ல கமிஷன் உண்டு" என்று ஒருவர் வந்து சொன்னால் குடும்பப் பெண்கள் செவி சாய்ப்பது இயல்பே. இவ்விற்பனை முறைக்கு விதிகள் உண்டு என்பதைக் கிராம மக்கள் அறிந்திருத்தல் அவசியமாகும்.

மத்திய அரசு 2016-ஆம் ஆண்டில் ஒரு மாதிரி நெறிமுறையை வெளியிட்டது. அது வெறும் வழிகாட்டியே. பின்னர், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் நேரடி விற்பனை விதிகளின் நகல் 2021 ஜூன் மாதத்தில் மக்களின் கருத்துக்கென வெளியாயிற்று. அவ்வாண்டு டிசம்பர் 28-ஆம் நாள் அவை விதிகளாகவே அறிவிக்கப்பட்டன.

தாமே செய்த பொம்மைகளைக் கூடையில் சுமந்து தெருவில் விற்பவரையும் இவ்விதிகள் கட்டுப்படுத்துமோ என்ற ஐயம் எழக்கூடும். கட்டுப்படுத்தா. நிலையான கடையின்றி, விற்பனையாளர்களின் தொடரமைப்பு ஒன்றின் மூலம் ஒரு ஸ்தாபனம் நடத்தும் வியாபாரத்தையே இவை குறிக்கின்றன. சொந்தச் சரக்கை விற்பவருக்குத் தொடரும் இல்லை, மேலே ஸ்தாபனமும் இல்லை. எனினும், பொருளைப் பற்றிப் பொய் சொல்லி விற்றால் பொதுவான நுகர்வோர் சட்டம் அவரையும் விடாது.

ஸ்தாபனத்தின் சார்பில் விற்பவரோ, வீட்டுக்காரரின் முன்னிசைவு பெற்று, அடையாள அட்டையுடன்தான் வீட்டினுள் செல்லவேண்டும். பேச்சைத் தொடங்கும்போதே தாம் யார், எந்த ஸ்தாபனத்தின் சார்பில் வந்திருக்கிறோம், என்ன பொருளை விற்க வந்தோம் என்பவற்றைத் தெளிவாகக் கூறவேண்டும். விலை, பணம் செலுத்தும் முறை, பொருளைத் திருப்பிக் கொடுத்துப் பணத்தைத் திரும்பப் பெறும் வழி ஆகியவற்றையும் மறைக்கலாகாது. ஆர்டர் எடுத்தால் பெயர், முகவரி, தொலைபேசி எண், பொருளின் விவரம், மொத்தத் தொகை இவையடங்கிய சீட்டைக் கொடுக்கவேண்டும். ஸ்தாபனம் அனுமதித்ததற்கு மேல், "இந்தப் பொடி சர்க்கரை நோயைத் தீர்க்கும்" என்பது போன்ற சொந்தக் கற்பனைகளைச் சேர்க்கக் கூடாது.

அண்டை வீட்டுத் திண்ணையில் அமர்ந்து பேச்சோடு பேச்சாக விற்கும் கிராமத்துப் பெண்ணுக்கு முன்னிசைவும் சீட்டும் சற்றுச் சுமையே என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அதே விதிகள் அவருக்கும் அரணாயிருக்கின்றன. ஸ்தாபனம் அவருடன் எழுத்து மூலம் ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும். நியாயமான காலத்தில் விற்கக்கூடிய அளவுக்கு மேல் சரக்கை அவர் தலையில் கட்டக்கூடாது. மனம் மாறினால் அபராதமின்றி விலகச் சிறிது அவகாசம் தரவேண்டும். விற்பனைக்குத் தகுந்த நிலையிலுள்ள சரக்கைத் திரும்ப வாங்கிக்கொள்ள ஏற்பாடும் இருத்தல் வேண்டும். சேருவதற்குக் கட்டணம் கூடாதென்பது 2016 நெறிமுறையிலேயே உண்டு. ஆகவே, முதலில் பணம் கட்டச் சொல்பவரிடம் எச்சரிக்கையாயிருங்கள்.

எல்லாவற்றிலும் கொடியது ஆள் சேர்ப்பதற்கே பணம் தரும் பிரமிடுத் திட்டம். விதிகள் இதை அறவே தடை செய்கின்றன; பணச்சுழற்சித் திட்டங்களோ 1978-ஆம் ஆண்டுச் சட்டத்தினாலேயே தடுக்கப்பட்டவை. கணக்கைப் பாருங்கள். ஒருவர் ஐவரைச் சேர்க்க, அவர்கள் ஒவ்வொருவரும் மேலும் ஐவரைச் சேர்க்க, இப்படியே போனால் ஏழாம் படியில் மட்டும் 78,125 பேர் வேண்டும். 2011 கணக்கெடுப்பின்படி விருத்தாசலம் நகரின் மக்கள் தொகையோ, கைக்குழந்தைகள் உட்பட, சுமார் 73,500தான்! கடைசியில் சேர்ந்தவர் யாரைத் தேடிப் போவார்?

அமெரிக்காவிலும் இதே வழக்கு நடந்தது. அந்நாட்டின் வர்த்தக ஆணையம் 2006-இல் ஒரு விதியை முன்மொழிந்தது. தொழில் வாய்ப்பை விற்பவர் விவரங்களை எழுத்தில் வெளியிட்டு, பணம் வாங்குமுன் ஏழு நாள் காத்திருக்க வேண்டுமென்பது அதன் சாரம். 17,000-க்கு மேற்பட்ட கருத்துரைகள் குவிந்தன. எதிர்த்தவர்களில் பெரும்பாலோர் நேரடி விற்பனைத் துறையினர். 2011-இல் முடிவான விதி அத்துறையைத் தன் வரம்பிலிருந்து விலக்கிவிட்டது. நம் நாட்டில் அவ்வாறு நேராமற்போனது நல்லதென்றே நாம் கருதுகிறோம்.

புகார் வந்தால் ஸ்தாபனத்தின் குறைதீர்க்கும் அலுவலர் 48 வேலை மணி நேரத்துக்குள் அதைப் பெற்றுக்கொண்டதாகத் தெரிவிக்கவேண்டும். சாதாரணமாக ஒரு மாதத்தில் தீர்வு காணவேண்டும். தீராவிடில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம், அல்லது மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை நாடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரையிருப்பின் மனுக் கட்டணம் கிடையாது. ஊராட்சி உறுப்பினர்கள் அடுத்த கிராம சபையில் இவற்றைப் படித்துக் காட்டுவார்களாக. ஆர்டர் சீட்டையும் ஒப்பந்தத்தின் பிரதியையும் பத்திரப்படுத்தும்படி மகளிர் குழுக்களுக்கு அப்போதே சொல்லி வைப்பது நலம்.