வலைச் செயலிக்கான வழங்கி அமைப்பைத் தேர்தல்

வலைச் செயலிக்கான வழங்கி அமைப்பு என்பது, ஓர் இணையதளத்தைத் தேடி வரும் பயனர்களின் கோரிக்கைகளைப் பெற்று விடையளிக்கும் கணினிகள், மென்பொருள்கள், தரவுத்தளம் ஆகியவற்றின் தொகுப்பாகும். வழங்கியைப் பேச்சு வழக்கில் சர்வர் என்பர். எத்தனை பேர் வருவார்கள் என்பதைவிட, ஒரே நேரத்தில் எத்தனை பேர் வருவார்கள், வந்து என்ன செய்வார்கள் என்பவையே இவ்வமைப்பைத் தீர்மானிக்கின்றன.

சுமையைக் கணக்கிடுதல்

தமிழ்நாட்டில் பிளஸ் 2 தேர்வு முடிவு வெளியாகும் நாள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 2025 மே 8 அன்று முடிவு வெளியானபோது தேர்வெழுதியிருந்தவர்கள் சுமார் 7.92 லட்சம் பேர். ஒரு கணக்கிற்காக இதை 8 லட்சம் என்று கொண்டு, ஒவ்வொருவருக்காகவும் மாணவர், பெற்றோர், உறவினர் என மூன்று முறை முடிவு பார்க்கப்படுவதாக வைத்துக்கொள்வோம். மொத்தம் 24 லட்சம் கோரிக்கைகள். இதை ஒரு நாளின் 86,400 நொடிகளால் வகுத்தால் நொடிக்கு 28 கோரிக்கைகள்தான். ஆனால் பாதிப் பேர் முதல் 10 நிமிடங்களிலேயே வந்துவிட்டால் நொடிக்கு 2,000 ஆகிறது. நாள் சராசரியை நம்பி அமைத்த வழங்கி முதல் நிமிடத்திலேயே திணறிவிடும்.

அடுத்து, ஒரு கோரிக்கைக்கு விடையளிக்க ஆகும் நேரத்தைப் பார்க்க வேண்டும். 1961இல் ஜான் லிட்டில் நிறுவிய விதிப்படி, ஒரே நேரத்தில் உள்ளே இருக்கும் கோரிக்கைகளின் எண்ணிக்கை, வருகை வீதத்தையும் விடை நேரத்தையும் பெருக்கினால் கிடைக்கும். நொடிக்கு 2,000 கோரிக்கைகள், ஒவ்வொன்றுக்கும் 0.2 நொடி எனில் உள்ளே இருப்பவை 400. தரவுத்தளம் தாமதித்து விடை நேரம் 2 நொடியானால் அது 4,000 ஆகிவிடும். பொறுமையிழந்தவர்கள் பக்கத்தை மீண்டும் மீண்டும் திறப்பதால் வருகை வீதமும் ஏறும்.

படிக்கும் சுமை

பைத்தான் செயலிகளை இயக்கும் குனிகார்ன் என்ற வழங்கியின் ஆவணம், கோர்களின் எண்ணிக்கையை இரட்டித்து ஒன்று கூட்டிய அளவில் பணிச்செயல்முறைகளை வைக்கப் பரிந்துரைக்கிறது. 4 கோர் உள்ள கணினியில் 9 வரும். ஒவ்வொன்றும் ஒரு நேரத்தில் ஒரு கோரிக்கையை மட்டும், 0.2 நொடியில் முடித்தால் நொடிக்கு 45 கோரிக்கைகள். 2,000 கோரிக்கைகளுக்கு 45 கணினிகள் வேண்டும். அவை அனைத்தும் ஒரே தரவுத்தளத்தைக் கேட்பதால் நெரிசல் அங்கே போய் நிற்கும்.

தேர்வு முடிவு வெளியான பின் மாறாத தரவு. அதை முன்கூட்டியே ரெடிஸ் போன்ற நினைவகத் தரவுத்தளத்தில் ஏற்றி, பதிவெண்ணும் பிறந்த தேதியும் பொருந்தினால் உடனே எடுத்துத் தரலாம். ஒரு கோரிக்கைக்குச் செயலியின் வேலை 5 மில்லிநொடியாகக் குறைந்தால், அதே 4 கோர் கணினி நொடிக்குச் சுமார் 800 கோரிக்கைகளைத் தாங்கும். 3 கணினிகளும் மாற்றாக ஒன்றும் போதும். அவற்றின் முன்னே என்ஜின்எக்ஸ் போன்ற மென்பொருள் நின்று கோரிக்கைகளைப் பங்கிட்டு அனுப்பும். படங்களையும் எழுத்துருக்களையும் அதுவே நேரடியாகத் தந்துவிடும். குறுஞ்செய்தி, டிஜிலாக்கர் வழியாகவும் முடிவுகளை அளிப்பதால் இணையதளத்தின் சுமை மேலும் குறைகிறது.

எழுதும் சுமை

ரயில்வே தட்கல் முன்பதிவு வேறு வகை. ஏசி வகுப்புகளுக்குக் காலை 10 மணிக்கும், மற்றவற்றுக்கு 11 மணிக்கும் தொடங்கும் இதில், ஒரே இருக்கையை இருவருக்குத் தந்துவிடக் கூடாது. ஒவ்வொரு பதிவும் தரவுத்தளத்தில் பூட்டு வைத்து எழுதப்பட வேண்டும் என்பதால் விடையைச் சேமித்து வைத்துத் தர முடியாது. இங்கே வரிசை முறையும் தரவுத்தளத்தின் திறனுமே முக்கியம். 2014 ஏப்ரலில் ஐ.ஆர்.சி.டி.சி. புதிய அமைப்புக்கு மாறியபோது, நிமிடத்திற்கு 2,000 ஆக இருந்த பயணச்சீட்டுத் திறன் 7,200 ஆக உயர்த்தப்பட்டது.

அமைவிடம்

சென்னையின் மேற்கே அம்பத்தூரில் என்.டி.டி., எஸ்.டி.டி. ஜி.டி.சி., கன்ட்ரோல்எஸ் ஆகிய நிறுவனங்களின் தரவு மையங்கள் உள்ளன. தமிழ்நாட்டுப் பயனருக்கு அருகில் வழங்கி இருப்பது நன்மையே. சென்னையிலிருந்து சிங்கப்பூருக்குச் செல்லும் சுமார் 3,200 கி.மீ. கடலடிக் கம்பிவடத்தில் ஒளி போய்த் திரும்ப ஏறத்தாழ 32 மில்லிநொடி ஆகும். அருகாமை மிச்சப்படுத்துவது இந்த அளவுதான். தவறான வடிவமைப்பு பறிப்பது பல நொடிகளை.

ஒரே இடத்தை மட்டும் நம்புவதிலும் ஆபத்து உண்டு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வெள்ளம் புகுந்து, பல சிறு தொழிற்கூடங்களின் இயந்திரங்கள் மூழ்கின. அலுவலக அறையில் வழங்கியை வைத்திருப்போர் தரவின் நகலை வேறு நகரில் வைத்திருப்பது அவசியம்.

சோதனையும் செலவும்

கணக்கு சரியா என்பதை ஜேமீட்டர் போன்ற கருவிகளால் செயற்கையான சுமை தந்து முன்னதாகவே பார்க்கலாம். எதிர்பார்ப்பதைப் போல இருமடங்கு சுமையில் எந்தப் பகுதி முதலில் தளர்கிறது என்று கண்டறிந்து, அதை மட்டும் வலுப்படுத்தினால் போதும். பூந்தமல்லியிலோ ஆவடியிலோ நாளொன்றுக்கு 200 ஆர்டர்கள் பெறும் கடையின் இணையதளத்திற்கு ஒரு சிறிய வாடகைக் கணினியும் தினசரி நகலெடுப்பும் போதுமானவை. லட்சக்கணக்கானோருக்கான அமைப்பை அங்கே நிறுவுவது வீண் செலவு.