மூன்று நிமிடத்தில் இருளும் திரை

1981 ஆகஸ்டில் ஐ.பி.எம். தன் முதல் பர்சனல் கம்ப்யூட்டரை வெளியிட்டது. அதோடு விற்ற 5151 என்ற பச்சை எழுத்து மானிட்டருக்கு ஆன்-ஆஃப் சுவிட்சே கிடையாது. மின்சாரத்தைக் கம்ப்யூட்டர் பெட்டியின் பின்புறத்திலிருந்து எடுத்துக்கொள்ளும். பெட்டி ஓடும்வரை திரையும் எரியும். வெளிச்சத்தைக் குறைக்க ஒரு திருகு இருந்தது உண்மைதான். சாப்பாட்டுக்கு எழுந்து போகிறவர்களில் எத்தனை பேர் அதைத் தொட்டிருப்பார்கள்?

அந்தக் கண்ணாடித் திரையின் உட்புறத்தில் பாஸ்பர் பூசியிருப்பார்கள். எலக்ட்ரான் கற்றை ஒரே இடத்தில் மாதக்கணக்காகப் பட்டால் அந்த இடத்துப் பூச்சு தேய்ந்து ஒளி மங்கிவிடும். நாள் முழுக்க லோட்டஸ் 1-2-3 என்ற கணக்குத்தாள் நிரல் திறந்து கிடந்த மானிட்டர்களில், அணைத்த பிறகும் கட்டங்களின் தடம் நிழலாகத் தெரியும்.

இதற்கு மருந்து கண்டவர் நிரலாளர் ஜான் சோச்சா. ஐ.பி.எம். பிசிக்காக வந்த 'சாஃப்டாக்' பத்திரிகையின் 1983 டிசம்பர் இதழில், 'ஸ்கிரீன்சேவ்' என்ற குட்டி நிரலை அவர் வெளியிட்டார். மூன்று நிமிடம் யாரும் விசையைத் தொடாவிட்டால் திரை இருண்டுவிடும். அவ்வளவுதான். படம் இல்லை, அசைவு இல்லை. மூன்று நிமிடத்தை ஐந்தாக்க வேண்டுமென்றால் மூல நிரலில் எண்ணை மாற்றி மறுபடி தொகுக்க வேண்டும்!

சாதாரண விஷயமாகத் தோன்றும். ஆனால் பிசியின் இயங்குதளமான டாஸ் ஒரு நேரத்தில் ஒரே நிரலைத்தான் ஓட்டும். வேர்ட்ஸ்டார் என்ற எழுத்து நிரல் ஓடும்போது, மூன்று நிமிடத்தை வேறு யார் எண்ணுவது? அங்கேதான் டி.எஸ்.ஆர். என்ற உத்தி வந்தது. வாடகை முடிந்த பிறகும் ஓர் அறையைப் பூட்டிச் சாவியைக் கையில் வைத்துக்கொள்ளும் குடித்தனக்காரரைப் போல, அத்தகைய நிரல் வேலை முடிந்ததாக டாஸிடம் சொல்லிவிட்டு, மெமரியில் தன் இடத்தை மட்டும் விடாமல் பிடித்துக்கொள்ளும்.

தூங்கும் அந்த நிரலை எழுப்புவது கடிகாரம். பிசியின் டைமர் சிப் நொடிக்கு ஏறத்தாழ 18.2 முறை செயலியைத் தட்டும். ஒவ்வொரு தட்டலிலும் நிரல் விழித்து, ஓர் எண்ணைக் குறைத்துவிட்டு, வழக்கமாகப் போக வேண்டிய இடத்துக்கு அழைப்பை அனுப்பிவிடும். மூன்று நிமிடத்துக்குச் சுமார் 3,276 தட்டல்கள். எண்ணிக்கை தீர்ந்தால் வீடியோ கார்டிடம் 'காட்டாதே' என்று ஒரு பிட்டை மாற்றும். விசை அழுந்தினால் பிட்டைத் திருப்பிவைத்து, முதலிலிருந்து எண்ணத் தொடங்கும். திரையில் இருந்த எழுத்துகள் வீடியோ மெமரியிலேயே பத்திரமாக இருக்கும். இத்தனைக்கும் சில நூறு பைட்டுகள் போதும். 640 கிலோபைட்டுக்குள் எல்லாரும் குடும்பம் நடத்திய காலத்தில், இந்தச் சிக்கனம் சாமானியமானதல்ல.

வம்பும் உண்டு. கீபோர்டை மட்டும் கவனிக்கும் பழைய நிரல்கள், மவுஸால் படம் வரைந்துகொண்டிருக்கும்போதே திரையை அணைத்துவிடும். 1984-இல் வந்த போர்லாண்டின் சைடுகிக்கும் ஒரு டி.எஸ்.ஆர்.தான், தன்னைத்தான் கடைசியாக ஏற்ற வேண்டும் என்று அடம்பிடிக்கும். இப்படி நாலைந்து பேர் ஒரே கடிகாரத் தட்டலைப் பிடித்துச் சங்கிலியாக நின்றால், நடுவில் ஒருவரை மட்டும் உருவுவது கடினம். உருவினால் மெஷின் உறைந்து நிற்கும், ரீபூட்தான் கதி.

சோச்சா பிறகு, கோப்புகளைக் கையாளும் நார்ட்டன் கமாண்டரை எழுதினார். அதற்குள்ளும் ஒரு ஸ்கிரீன் சேவர் வந்தது, நட்சத்திரங்கள் மின்ன. 1989-இல் மேக் கணினிகளுக்கு வந்த 'ஆஃப்டர் டார்க்' இந்த அலங்கார ஆசையை எங்கோ கொண்டுபோய்விட்டது; அதன் இறக்கை முளைத்த டோஸ்டர்கள் உலகப் புகழ் பெற்றன. ரசிக்கலாம், தவறில்லை. ஆனால் பாஸ்பரைக் காப்பதில் வெறும் கறுப்பை மிஞ்ச எந்த டோஸ்டராலும் முடியாது.

பழைய பிசியைத் தூசி தட்டி ஓட்டுகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். ஸ்கிரீன் சேவரின் பெயரை ஆட்டோஎக்ஸெக்.பேட் கோப்பில் ஒரு வரியாகச் சேர்த்தால், கணினி கிளம்பும்போதே அது குடியேறிவிடும். 386 அல்லது அதற்கு மேற்பட்ட மெஷினில் டாஸ் 5 இருந்து, மேல் மெமரியும் இயக்கப்பட்டிருந்தால், முன்னால் லோட்ஹை என்று போடுங்கள். 640 கிலோபைட்டில் கைவைக்காமல் மேல் மெமரியில் உட்காரும். மெம் கட்டளையோடு '/சி' சேர்த்து அடித்தால் யார் யார் எவ்வளவு இடம் பிடித்திருக்கிறார்கள் என்று தெரியும். நீக்குவதானால், கடைசியாக ஏற்றியதை முதலில் நீக்குங்கள்.

முக்கியமாக, உங்கள் வீடியோ கார்டுக்கென எழுதப்பட்ட நிரலையே பயன்படுத்துங்கள். 5151 போன்ற பழைய மானிட்டருக்குத் தவறான சிக்னல் போனால், மானிட்டரே பழுதாகிவிடக்கூடும்.