பரிமாற்றத் திட்டம்: ஊருக்கு முன்னால் ஆய்வுக்கூடம்

பல்கலைக்கழகத்தில் சேர்ந்த சில மாதங்களிலேயே 'எக்ஸ்சேஞ்சுக்கு எங்கே போகிறாய்?' என்ற கேள்வி நண்பர்களிடையே தொடங்கிவிடும். லண்டன், சோல், ஆம்ஸ்டர்டாம் என்று ஊர்ப் பெயர்களே பதிலாக வரும்.

அறிவியல் மாணவர்களுக்கு ஊர் மட்டும் போதாது. ஓர் ஆய்வுக்கூடப் பாடத்தை முடித்தால்தான் அடுத்ததை எடுக்கலாம் என்ற வரிசை எங்கள் பட்டப்படிப்பில் உண்டு. அதில் ஒன்று விட்டுப்போனால் இறுதியாண்டு ஆய்வும் பட்டமளிப்பும் தள்ளிப்போகலாம். கூடுதலாக ஒரு பருவம் படித்தால் கட்டணமும் கூடும். எனவே, விண்ணப்பிக்கும் முன் நான்கு கேள்விகளுக்கு விடை தேடுவது நல்லது.

இங்கு இல்லாத எது அங்கு உள்ளது?

சிங்கப்பூரில் பனியாறுகளைப் பார்க்க முடியாது. நோர்வேயின் சுவால்பார்டு தீவுக்கூட்டத்தில், வட அட்சரேகை 78 பாகையில், ஒரு பல்கலைக்கழக நிலையமே இயங்குகிறது. ஆர்க்டிக் உயிரியல், நிலவியல், புவி இயற்பியல் பாடங்களை அங்கு ஆங்கிலத்தில் கற்கலாம். பனிக்கரடிகள் நடமாடும் இடம் என்பதால் களப்பணிக்கு முன் பாதுகாப்புப் பயிற்சி கட்டாயம்.

கடல் உயிரியல் பயில்வோருக்கு ஆஸ்திரேலியாவின் டவுன்ஸ்வில் நகரில் ஜேம்ஸ் குக் பல்கலைக்கழகம் இருக்கிறது. பெரும் பவளத்திட்டுப் பகுதியிலுள்ள ஆர்பியஸ் தீவில் அதற்குச் சொந்த ஆய்வு நிலையம் உண்டு.

தொலைதூரம் போனால்தான் சிறப்பு என்பதில்லை. சாபாவின் டானும் பள்ளத்தாக்கு 438 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள பாதுகாக்கப்பட்ட மழைக்காடு. 100 மீட்டருக்கும் உயரமான மஞ்சள் மெராந்தி மரம் ஒன்று அங்கு நிற்கிறது. ஐரோப்பிய ஆய்வாளர்கள் பாதி உலகம் கடந்து வரும் அந்தக் காடு நமக்குப் பக்கத்து நாட்டில் உள்ளது.

நாள்காட்டி பொருந்துமா?

நமது முதல் பருவம் ஆகஸ்ட்டில் தொடங்கி டிசம்பரில் முடியும். இரண்டாம் பருவம் ஜனவரியில் தொடங்கும். ஜெர்மனியிலோ குளிர்காலப் பருவ வகுப்புகள் அக்டோபரில் தொடங்கி பிப்ரவரி வரை நீளும். அங்கே தேர்வு எழுத வேண்டிய நேரத்தில் இங்கே அடுத்த பருவம் நடந்துகொண்டிருக்கும்.

ஏப்ரல் முதல் ஜூலை வரையிலான கோடைக்காலப் பருவத்தைத் தேர்ந்தெடுத்தால் ஆகஸ்ட்டுக்குள் திரும்பிவிடலாம். இடையில் கிடைக்கும் ஜனவரி முதல் மார்ச் வரையிலான காலத்தை வேலைப் பயிற்சிக்குப் பயன்படுத்தலாம். பிரிட்டனில் சில பல்கலைக்கழகங்கள் முதல் பருவத் தேர்வுகளை ஜனவரியில் நடத்துகின்றன. அதையும் முன்கூட்டியே கேட்டறிய வேண்டும்.

ஆய்வுக்கூடத்தில் இடம் கிடைக்குமா?

விரிவுரைப் பாடங்களில் இடம் கிடைப்பது எளிது. ஆய்வுக்கூடப் பாடங்களில் இருக்கைகள் குறைவு. சில துறைகள் அவற்றைப் பரிமாற்ற மாணவர்களுக்குத் திறப்பதில்லை. பாடத்தின் பெயர் ஒன்றாக இருந்தாலும் உள்ளடக்கம் மாறுபடலாம். பாடத்திட்டத்தையும் ஆய்வுக்கூட மணிநேரத்தையும் நம் துறையிடம் காட்டி, எழுத்துபூர்வமாக ஒப்புதல் பெறுவதே பாதுகாப்பு. ஐரோப்பாவில் ஒரு பருவத்தின் முழுச் சுமை 30 கிரெடிட். அதில் எவ்வளவு நம் பட்டத்தில் கணக்கில் சேரும் என்பதையும் அப்போதே உறுதிசெய்துகொள்ளுங்கள்.

இந்தக் கேள்விகளுக்குச் சாதகமான விடை கிடைக்காவிட்டால் கோடை விடுமுறை ஆய்வுப் பயிற்சியை நாடலாம். அதனால் பாட வரிசை குலையாது. ஜெனீவாவுக்கு அருகிலுள்ள செர்ன் ஆய்வு மையத்தின் கோடைக்கால மாணவர் திட்டத்திற்கு, உறுப்பினர் அல்லாத நாடுகளின் மாணவர்களும் விண்ணப்பிக்கலாம். ஆனால் அந்தக் கோடைக்குள் மூன்றாண்டுப் படிப்பை முடித்திருக்க வேண்டும். ஜப்பானின் ஒக்கினாவா அறிவியல் தொழில்நுட்பக் கழகத்தில் ஆங்கிலமே பணிமொழி. அங்கு ஆய்வுப் பயிற்சிக்குத் தேர்வாவோருக்குத் தங்குமிடம், பயணச் செலவு, படித்தொகை ஆகியவை உண்டு.

தகுதி விதிகளை முதலில் படிப்பது நேரத்தை மிச்சப்படுத்தும். ஜெர்மனியின் புகழ்பெற்ற 'ரைஸ்' கோடைக்காலப் பயிற்சி வட அமெரிக்கா, பிரிட்டன், அயர்லாந்து பல்கலைக்கழக மாணவர்களுக்கு உரியது. சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகங்களில் பயில்வோர் அதற்கு விண்ணப்பிக்க இயலாது.

மொத்தச் செலவு எவ்வளவு?

பரிமாற்றத் திட்டத்தில் செல்வோர் பொதுவாகத் தங்கள் பல்கலைக்கழகக் கட்டணத்தையே செலுத்துவர். விமானச்சீட்டு, வாடகை, காப்புறுதி, உணவு எல்லாம் தனி. கட்டணம் இல்லை என்பதால் செலவு இல்லை என்று பெற்றோரிடம் சொல்லிவிடக் கூடாது. நோர்வே, சுவிட்சர்லாந்து போன்ற நாடுகளில் வாழ்க்கைச் செலவு மிக அதிகம். உதவித்தொகைகளைப் பற்றியும், உயர்நிலைக்குப் பிந்திய கல்விக் கணக்கைப் பயன்படுத்த முடியுமா என்பதைப் பற்றியும் அனைத்துலக உறவு அலுவலகத்திடம் விசாரிக்கலாம்.

தொடக்கக் கல்லூரியிலோ பலதுறைத் தொழிற்கல்லூரியிலோ பயில்பவர்களும் இப்போதே ஒன்றைச் செய்யலாம். சேர விரும்பும் துறையின் நான்காண்டுப் பாட அட்டவணையை எடுத்து, ஆய்வுக்கூடப் பாடங்கள் குறைவாக உள்ள பருவத்தைக் குறித்துவையுங்கள். வெளிநாடு செல்ல ஏற்ற காலம் பெரும்பாலும் அதுதான். எந்த நாடு என்பதை அதன் பிறகு முடிவு செய்யலாம்.